முதல் மண்ணை எடுத்தவர்

எனக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுதான். அப்படிப்பட்டவனை ஏரி கமிட்டியில் மெம்பராக உட்கார வைத்தார்கள். காலனிக்காரன் ஒருவனும் இருந்தாக வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஆட்களில் யாரைப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, அதிகம் பேசாதவனாகப் பார்த்து என்னைப் போட்டார்கள். நான் பேசாதவன் இல்லை. அவர்கள் முன்னால் பேசாதவன், அவ்வளவுதான். இப்போது பேசுகிறேன், மருமகள் எழுதிக்கொள்கிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவளே திருத்தியும் கொள்கிறாள். நல்லதுதான்.

கமிட்டி என்றால் கட்டடம், மேசை, நாற்காலி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் கீழே நாலு ஊருக்கு நாலு பேர். மேட்டு ஊர்க்காரர்தான் தலைவர். ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சையில் பாதிக்கு மேல் அவருடையது, எங்கள் காலனி ஆட்கள் அதில் கூலிக்குப் போனவர்கள். அடுத்தவர் ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர். மழைத் தண்ணீர் வழிந்து ஏரிக்கு வருகிற காடும் மேய்ச்சல் நிலமும் அவர்கள் ஊர்ப் பக்கம்தான் இருந்தன. வீட்டில் தெலுங்கு பேசுவார். வெளியே யாரைப் பார்த்தாலும், தலைவரைக்கூட, 'நைனா' என்பார். மூன்றாமவர் குப்பத்துக்காரர். எங்கள் ஏரியில் மிஞ்சுகிற தண்ணீர் கால்வாயில் ஓடிப் பழவேற்காட்டு ஏரியில் விழுகிற இடத்தில் அவர்கள் குப்பம். இறால் பிடிக்கிறவருக்கு நெல்லுக்குப் பாய்ச்சுகிற ஏரியில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். மிஞ்சின தண்ணீர் அவர்கள் தலையில் அல்லவா போய் விழுகிறது, அதுதான் வேலை. நாலாவது ஆள் நான்.

முதல் நாள் நான் உட்காரவில்லை. தலைவர் துண்டை விரித்து உட்கார்ந்திருக்க, நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாத்துக்குக் கொக்கு மாரி நின்னுக்கினு கீற? குந்துபா," என்று குப்பத்துக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

நான் உட்கார்ந்தேன். தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து குப்பத்துக்காரர் எனக்கு அண்ணாத்த.

மேட்டில் யார் விறகு வெட்டலாம், எத்தனை மாடு மேயலாம், வரத்துக் கால்வாயில் எந்த ஊர் எதுவரைக்கும் தூர் எடுக்க வேண்டும், மதகை எப்போது திறப்பது, இதெல்லாம் எங்கள் பேச்சு. பாதி நாள் சண்டையில் போகும், மீதி நாள் அந்தச் சண்டையைப் பற்றிய பேச்சில் போகும். சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்த தெலுங்குக்காரர் ஒரு மீட்டிங் முழுக்க அதையே சொன்னார். அன்றைக்கு ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் யாரும் மீறாமல் இருந்தது. யார் ஏற்படுத்தியது என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஏரியில் எந்த வேலை செய்தாலும் யாரோ ஒருவருக்குக் கெடுதல் வரும். மிஞ்சின தண்ணீர் வழிகிற கலங்கலை உயர்த்தினால் மேல் பக்கத்து நிலம் முழுகும். கால்வாயைத் திருப்பினால் ஓர் ஊர்க் கிணறு காயும். அதனால், எந்த ஊருக்குக் கெடுதலோ அந்த ஊர் மெம்பர்தான் முதல் மண்ணை எடுக்க வேண்டும். மற்றவர்கள் தொடக் கூடாது. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டால் வேலை நின்றது. எடுத்துவிட்டால் அவர் ஊர் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம், அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. வெள்ளத்தில் கரையை வெட்டிவிட நேர்ந்தால் இன்னும் ஒன்று உண்டு. முதல் மண்ணை எடுத்தவர் தன் ஊருக்குப் போய், ஆட்களையும் ஆடு மாட்டையும் மேட்டில் ஏற்றிவிட்டு, பனை மரத்து உச்சியில் ஒரு துணியைக் கட்ட வேண்டும். கரையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துணி தெரிந்த பிறகுதான் மிச்சத்தை வெட்டுவார்கள்.

கலங்கலை ஒரு முறை உயர்த்தியபோது தெலுங்குக்காரர்தான் எடுத்தார். "என் நெலத்துக்கு நானே கருமாதி பண்ணணுமா நைனா?" என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். தலைவரும் ஒரு முறை தன் மாந்தோப்பு ஓரத்தில் எடுத்தார், செருப்பைக் கழற்றாமல். நியாயமான வழக்கம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அரிசிக்கு எல்லா ஊரிலும் வரிசையில் நின்ற காலம் அது. அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் ஒரு நாள் காலையில் மழை விட்டு, வெயில்கூட லேசாக அடித்தது. ஏரி விளிம்பில் நின்றது. கரை மேல் நடந்தால் கால் புதைந்தது. கலங்கலில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போயும் ஏரி இறங்கவில்லை. நாங்கள் நாலு பேரும் கரையில் நின்றோம்.

"தெக்கால மதகுகிட்ட சரியுது," என்றார் தலைவர். "அது பிச்சிக்கினா என் ஊரும் போச்சு, இவன் காலனியும் போச்சு. வடக்கால வெட்டி வுட்டாத்தான் உண்டு."

"வடக்க வெட்னா குப்பம் பூடும் நைனா," என்றார் தெலுங்குக்காரர்.

அண்ணாத்த கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச போனா நாளிக்குக் கட்டிக்கலாம். எங்களுக்கு மணல் மேடு கீது, ஏறிக்குவோம். இவங்களுக்கு ஏறறதுக்கு இன்னா கீது? வெட்டிடலாம்," என்றார். இவங்களுக்கு என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப நீ போய் ஊர்ல சொல்லிட்டு வந்து எடேன்," என்றார் தெலுங்குக்காரர்.

"மண்ணு எடுத்தாச்சான்னுதான் மொதல்ல கேப்பாங்க. எடுக்கலன்னா ஒருத்தனும் ஊட்ட வுட்டு நவுர மாட்டான்."

அது உண்மை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். நாங்கள் மூன்று பேரும் தலையை ஆட்டினோம்.

"எடுப்பா," என்றார் தலைவர்.

முதல் மண்ணைத் தண்ணீர்ப் பக்கத்து விளிம்பில்தான் எடுக்க வேண்டும், ஒரு முழு வெட்டு, ஈரமண் தெரிகிறபடி. நல்ல வருஷத்தில் தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே நிற்கும், அந்த வெட்டு வெறும் அடையாளம். அன்றைக்குத் தண்ணீர் விளிம்போடு நின்றது. வடக்குக் கரை நண்டு வளை நிறைந்த பொத்தல் கரை, அது நாலு பேருக்குமே தெரியும். இன்றைக்கு வெட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. வழக்கம் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

அண்ணாத்த வெட்டினார். சளக் என்று ஒரு சத்தம். மண்ணை எடுத்துப் பக்கத்தில் போட்டார். வெட்டின குழியில் விரல் தண்டிக்குத் தண்ணீர் ஓடி வந்தது. அவர் காலை வைத்து மிதித்தார். கால் இடுக்கில் வந்தது. நான் மண்டியிட்டுக் கையால் சேற்றை அள்ளி அடைத்தேன். தெலுங்குக்காரர் தோளில் இருந்த துண்டைச் சுருட்டித் திணித்தார், அதையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. அப்புறம் கரையில் ஒரு துண்டு, ஒரு மாடு படுக்கிற அளவுக்கு, சத்தமே இல்லாமல் கீழே இறங்கியது. அந்தச் சத்தமில்லாததுதான் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எல்லாரும் கேட்டார்கள்.

அண்ணாத்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். குப்பம் இரண்டு மைல். அவர் கால்வாய்க் கரை மேல் ஓடினார், பக்கத்தில் தண்ணீர் ஓடியது. யார் முந்துவது என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குப்பத்து ஆட்கள் சத்தத்தைக் கேட்டே மணல் மேட்டில் ஏறிவிட்டார்கள். மழை விட்டிருக்கிறதே என்று கால்வாய் ஓரத்தில் கட்டின ஆட்டை அவிழ்த்து வரப் போயிருந்தாள் அண்ணாத்தயின் மகள். பாவாடை கட்டுகிற வயசு. ஒரே பிள்ளை. ஆடு மட்டும் கயிற்றோடு மேட்டுக்கு வந்துவிட்டது.

தெற்கு மதகு நின்றது. எங்கள் காலனியில் ஒரு சுவர்கூட விழவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். என் பிள்ளைகள் சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று வீட்டுக்காரி கேட்டாள்.

தை மாதம் உடைப்பை அடைத்தோம். அண்ணாத்தயும் கூடை சுமந்தார். வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கமிட்டி பழையபடி புங்க மரத்தடியில் கூடியது. அங்கே உட்கார்ந்தால் வடகிழக்கில், தூரத்தில், குப்பத்துப் பனை மரம் தெரியும். அந்தப் பக்கம் முகத்தை வைத்து நாங்கள் மூன்று பேரும் உட்காருவதில்லை. பேசி வைத்துக்கொண்டது இல்லை, தானாக அப்படி ஆயிற்று. அண்ணாத்த மட்டும் அதைப் பார்த்தபடி உட்காருவார். அதனால் அவர் எங்களைப் பார்த்தாலும் எங்களுக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போலவே இருக்கும்.

வீட்டில் அவர் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், சோறு வைப்பாள், கிழிந்த வலையைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுவாள். வாய் மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் அந்த ஆட்டிடம் சொல்வாள்.

"ஏ ஆடே, சோறு ஆறுதுன்னு சொல்லு. ஏ ஆடே, காத்து திரும்பிக்கிச்சி, இன்னிக்குப் படவு எடுக்க வேணாம்னு சொல்லு."

இதை அண்ணாத்தயே என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன்.

"நீதான் வெட்ன, உன் கையால வெட்னன்னு ஒரே ஒரு தபா சொன்னா. அதான் அவ எங்கிட்ட கடைசியா பேசனது," என்றார் அவர். "நீங்க யாருனா வந்து சொல்லணும்பா. நான் சொன்னா கேக்க மாட்டா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் கூடுகிற மீட்டிங்கில், எல்லாப் பேச்சும் முடிந்து துண்டை உதறுகிற நேரத்தில் அவர் கேட்பார்.

"ஒன்னு கேக்கணும். அன்னிக்கு வெட்னது நானா, நாமளா?"

தலைவர் ஒரு வருஷம், "எல்லாம் ஏரிக்கர அம்மா எடுத்துக்கினதுபா," என்றார். இன்னொரு வருஷம், "வுடுபா, ஆனது ஆச்சி," என்றார். தெலுங்குக்காரர் பீடியைத் தேடுவார். நான் கீழே கிடக்கிற புங்கங்காயை எண்ணுவது போல இருப்பேன். அண்ணாத்த கோபப்பட மாட்டார்.

"நாமன்னா, ஊட்டாண்ட வந்து அவகிட்ட அத ஒரு வார்த்த சொல்லுங்க. நானுன்னா, அத எங்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டுல ஒன்னு," என்பார்.

கமிட்டி யார் வாசலுக்கும் போகாது, வேண்டியவர்கள்தான் கரைக்கு வர வேண்டும். தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். குப்பத்துப் பெண் கரைக்கு வரமாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு கோடையில், வறண்ட ஏரியைப் பார்க்கக் கூடியிருந்தோம். பீடி பற்ற வைக்கக் காற்றுக்கு முதுகைத் திருப்பிய தெலுங்குக்காரர் திடீரென்று எழுந்து நின்றுவிட்டார்.

"துணி கட்டி கீது நைனா!"

நாங்கள் திரும்பினோம். பனை உச்சியில் வெள்ளையாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்திருக்கப் போய் முடியாமல் என் தோளைப் பிடித்தார். அவர் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் மண்வெட்டியை எடுக்க வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. அண்ணாத்த மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நொங்கு வெட்றவன் துண்டு," என்றார் அமைதியாக. "நான் தெனிக்கும் பாக்கறேன். எப்பனா இப்டி எதுனா இருக்கும்."

அன்றைக்கு அவர் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது. வரப்பை வெட்டி மடை திறக்கும்போது, முதல் வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடுவேன். குழியைப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மாமா, பொதையல் தேடறியா?" என்று கேலி செய்வார்கள். தேடிவிட்டுப் போகிறேன் என்று இருந்துவிடுவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு வந்தது. தலையில் தொப்பி வைத்த ஆட்கள் வந்து மேய்ச்சல் நிலத்தில் கல் நட்டார்கள். எங்கள் காலனிப் பையன்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர்களுக்கு நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கப் போனார்கள். நல்ல கூலி, நிழலில் நாஷ்டா. நான் தடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்து, ஏரி, கால்வாய், மேடு எல்லாம் இனிமேல் ஒரே ஆபீசின் கீழ் வரும், கமிட்டி தேவைப்படாது, மதகுச் சாவியை ஒப்படைத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் கடைசி மீட்டிங். தலைவர் வயசாகித் தளர்ந்திருந்தார், வண்டியில்தான் வந்தார். சாவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பேச ஒன்றும் இல்லை. எழுந்திருக்கிற நேரத்தில் அண்ணாத்த சொன்னார்:

"நாளிக்கு கமிட்டி கெடையாது. அப்பால நான் யார் கிட்ட போய் கேக்கறது? அந்த ஆபீசரக் கேட்டா, எந்த வெட்டு, எந்த கமிட்டிம்பாரு. இன்னிக்கு சொல்லிட்டுப் போங்க."

தெலுங்குக்காரர் பீடியை எறிந்தார்.

"சாவிய எவனோ வாங்கிக்கினு போறான். இனிமே இன்னா கௌரவம் நைனா நமக்கு? கமிட்டியே இல்ல, அது வாசலுக்குப் போனா இன்னா, போவலன்னா இன்னா?"

தலைவர் வெகு நேரம் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அவர் வீட்டம்மா காலமாகியிருந்தாள்.

"எங்க ஊட்ல இப்போ பேசாம இருக்கக்கூட ஆளு இல்லபா," என்றார். "வண்டிய பூட்டச் சொல்லு."

குப்பத்துக்கு நாலு பேரும் ஒரே வண்டியில் போனோம். தலைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அண்ணாத்த வாசல் வரைக்கும் முன்னால் நடந்தார், வாசல் வந்ததும் எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் மனைவி இறாலைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய ஆடு செத்துப் போய் அதன் குட்டியின் குட்டி பக்கத்தில் கட்டியிருந்தது.

"ஏ ஆடே, யாரோ வந்து கீறாங்க. இன்னா வோணும்னு கேளு," என்றாள்.

"நாங்க ஏரி கமிட்டிம்மா," என்றார் தலைவர்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

தலைவர் கோலை ஊன்றிக்கொண்டார். "அன்னிக்கு வெட்டச் சொன்னது நாங்க. மம்பட்டி இவன் கையில இருந்துச்சி, அவ்ளதாம்மா. வெட்னது நாலு பேரும்."

"நாலு பேருந்தாம்மா," என்றார் தெலுங்குக்காரர். நைனா சொல்லவில்லை.

"எங்க காலனி நிக்கணும்னுதான் அண்ணாத்த ஒத்துக்கினாரு. என் புள்ளைங்க கீதுங்கோ," என்றேன்.

அவள் கை நிற்காமல் இறாலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம்.

"ஒருத்தன் மேலன்னா கோவத்த வெச்சிக்கலாம். சோறு போடறப்போ, வல பின்றப்போ, அது பாட்டுக்குக் கூடவே இருந்துச்சி. அத வெச்சிக்கினுதான் எழுந்தேன், படுத்தேன். இப்போ நாலு பேருன்னா, நான் அத எங்கன்னு போய்யா வெப்பேன்?"

அவள் தலையை நிமிர்த்தினாள். எங்களைத் தாண்டி, பின்னால் நின்ற அண்ணாத்தயைப் பார்த்தாள். ஆட்டைக் கூப்பிடவில்லை.

"அன்னிக்குக் காத்தால அவ எங்கிட்ட இன்னா கேட்டா, தெரியுமா உனக்கு?" என்றாள்.

அண்ணாத்த எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குத் திரும்பினோம். மறுநாள் தலைவர் சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

சில மாதம் கழித்து, கும்மிடிப்பூண்டி ரயிலடியில் அண்ணாத்தயைப் பார்த்தேன். இறால் கூடையைப் பட்டணத்து வண்டியில் ஏற்றிவிட்டு நின்றிருந்தார். இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு பரபரப்பு, புதிதாகக் கல்யாணம் ஆனவன் மாதிரி.

"பேசறாங்களா?" என்று கேட்டேன்.

"பேசறா. நிறுத்தவே மாட்டேங்கறா. அந்தப் பொண்ணு அன்னிக்குக் காத்தால எந்திரிச்சதுலேர்ந்து ஆட்ட அவுக்கப் போற வரிக்கும், ஒன்னு வுடாம சொல்றா. முடிஞ்சதும் மறுபடி மொதல்லேர்ந்து. பேசாத வரிக்கும் ஊட்ல ரெண்டு பேருதான் இருந்தோம். இப்போ மூனு பேரு."

"கஷ்டமா கீதா அண்ணாத்த?"

நான் கேட்டது அவருக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தலைச் சும்மாட்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"வரேன்பா. பொழுது போச்சுன்னா ரெண்டு பேரும் தேடுவாங்க," என்று சொல்லிவிட்டுக் குப்பத்துப் பக்கம் வேகமாக நடந்தார்.